எம்.ஓ.ரி.யை கார் திருத்தாத இடத்தில் செய்யுங்கள்

கார் வீதியில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாய வருடாந்தச் சோதனைதான் எம்.ஓ.ரி. (MOT). அதை லண்டனில் எங்கே செய்வது என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், நடத்தும் பரிசோதனை நிலையம் ஒன்றைத் தேடிப் போங்கள். அங்கே காரைச் சோதிப்பார்கள், பெரும்பாலும் திருத்த மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்திலேயே கராஜ்கள் இருந்தும், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பல வருடங்களாக கவுன்சில் டிப்போவுக்குப் போகிறேன்.

நான் ஹரோ பக்கத்தில் வீடு வீடாகப் போய் வயது போனவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு ஒருவரை எழுப்பி, கழுவித் துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு எட்டரைக்கு அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கார் இல்லாத நாளில் சம்பளம் இல்லை. அதைவிடப் பெரிய கவலை, அந்த அடுத்த வீட்டில் ஒரு மனுசி தேத்தண்ணி கூடக் குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது. வேலை தரும் நிறுவனமும் சாரதி அனுமதிப்பத்திரம், வேலைக்குப் பாவிப்பதற்கான காப்புறுதி, எம்.ஓ.ரி. என்று மூன்றையும் வருடா வருடம் கேட்கும். ஆகவே என் 2015 ரொயோட்டா யாரிஸ் எந்த நாளில் எங்கே சோதிக்கப்படுகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

கடந்த சில வருடங்களில் கெயரர் விசாவில், அதாவது பராமரிப்பு வேலைக்கான விசாவில், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். வந்த சில மாதங்களிலேயே பழைய கார் ஒன்றை வாங்கியும் விட்டார்கள், வேறு வழியில்லை. திருச்சியிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, எம்.ஓ.டி.ங்கிறது நம்ம ஊரு பொல்யூஷன் சர்ட்டிபிகேட் மாதிரிதானே?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு முதல் 15 வருடங்களுக்கு இப்படியொரு வருடாந்தச் சோதனை கிடையாது, புகைச் சான்றிதழ் மட்டும்தான். இலங்கையிலும் வருட வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனை செய்தால் சரி. இங்கே அப்படியில்லை. பிறேக், ஸ்ரியரிங், சஸ்பென்ஷன், ரயர், லைற், சீற் பெல்ற், கண்ணாடி, அடிப்பாகத் துரு, புகை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கார் முதலில் பதிவான நாளிலிருந்து மூன்று வருடம் முடிவதற்குள் முதல் சோதனை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். 1960இல் இதைத் தொடங்கியபோது 10 வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத்தான் கேட்டார்கள். 1967இல் மூன்று வருடமாகக் குறைத்தார்கள். அதை நான்காக்கலாமா என்று அண்மையில் அரசாங்கம் யோசித்துவிட்டு மூன்றிலேயே விட்டுவிட்டது. நல்ல முடிவு என்பது என் எண்ணம். வேலைக்கு ஓடும் கார் மூன்று வருடத்தில் ரயரையும் பிறேக்கையும் நன்றாகவே தின்றுவிடும்.

எம்.ஓ.ரி. இல்லாமல் ஓடினால் 1,000 பவுண் வரை தண்டம் வரலாம். வீதி வரியும் கட்ட முடியாது. கமராக்கள் இலக்கத் தகட்டைப் படித்தே கண்டுபிடித்துவிடும், பொலிஸ் மறித்துக் கேட்க வேண்டியதில்லை. முடிந்த எம்.ஓ.ரி.யோடு காரை எடுக்கக்கூடிய பயணம் இரண்டே: முன்கூட்டியே பதிவு செய்த பரிசோதனைக்குப் போவது, அல்லது திருத்தக் கொண்டுபோவது.

எப்போது செய்வது என்பதுதான் பலரும் கவனிக்காத பகுதி. பழைய சான்றிதழ் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் சோதித்தால் பழைய திகதி அப்படியே அடுத்த வருடத்துக்குப் போகும். செப்ரெம்பர் 28இல் முடிகிறது என்றால் ஓகஸ்ட் 29இலிருந்து செய்யலாம். புதிய சான்றிதழ் அடுத்த வருடம் செப்ரெம்பர் 28 வரை நிற்கும். ஒரு நாள்கூட நட்டமில்லை. அந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். காரணம், பெயிலானாலும் பழைய சான்றிதழ் உயிரோடு இருக்கும். 'ஆபத்தானது' என்று எதையும் குறிக்காவிட்டால், பழையது முடியும் வரை காரை எடுத்துக்கொண்டு போகலாம். வீதியில் ஓடக்கூடிய நிலையில் கார் இருக்க வேண்டும் என்பது மட்டும் எப்போதும் உள்ள சட்டம். அந்த மூன்று நான்கு வாரங்களில் நாலு பேரிடம் விலை கேட்டு, ஆறுதலாகத் திருத்தலாம். கடைசி நாளில் போய்ப் பெயிலானவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கார் நிற்கும் கராஜிலேயே, அவர்கள் சொன்ன விலைக்கே திருத்த வேண்டியதுதான்.

மாதமும் முக்கியம். இங்கே புதிய இலக்கத் தகடுகள் மார்ச் 1, செப்ரெம்பர் 1 ஆகிய நாட்களில் வருவதால் சனம் அந்த மாதங்களில் புதுக் கார் வாங்குகிறது. அதனால் அதே மாதங்களில்தான் எம்.ஓ.ரி.யும் குவிகிறது. என் காரும் செப்ரெம்பர்க் கார்தான். அந்த நெரிசல் வேண்டாம் என்று ஒரு வருடம் யூனிலேயே சோதித்து, திகதியை நிரந்தரமாக அங்கே மாற்றிவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் முந்திச் செய்தால் மிச்சக் காலம் போய்விடும், சோதித்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் தருவார்கள். அந்த இழப்பு ஒரே ஒரு தடவைதான். என் காப்புறுதி செப்ரெம்பரில் வருகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அப்போதுதான். எம்.ஓ.ரி.யை யூனுக்குத் தள்ளியதில் என் வீட்டுக் கணக்குக்கு மூச்சு வந்தது. இலையுதிர் காலத்தில் சோதித்தால் குளிருக்கு லைற்றும் ரயரும் தயாராக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியான நியாயம்தான். ஆனால் ஒக்ரோபரில் லைற்றையும் ரயரையும் நாமே பார்க்கலாம், அதற்குப் பரிசோதகர் தேவையில்லை.

இனி இடம். கார் ஒன்றுக்கு எம்.ஓ.ரி. கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண், மோட்டார் சைக்கிளுக்கு 29.65. இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது, குறைவாக வாங்கலாம். பல கராஜ்கள் 30, 35 பவுண் என்று பலகை வைத்திருப்பது அதனால்தான். ஒரு பரிசோதகரின் ஒரு மணித்தியாலத்தையும் ஒரு முழு மேடையையும் அந்தக் காசுக்குக் கொடுப்பவர் மிச்சத்தைத் திருத்த வேலையில்தான் எடுக்க வேண்டும். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் காரை வருடா வருடம் சேர்விஸ் செய்யும் அண்ணை ஒரு கராஜ்காரர்தான், அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்வேன். ஆனால் சோதிப்பவரே திருத்திக் காசும் வாங்குவார் என்றால், கார் தெரியாதவர் அந்தப் பட்டியலை எதை வைத்து நம்புவது?

கவுன்சிலுக்கு மாறுவதற்கு முன் ஒரு கராஜில் நடந்தது இது. மலிவு விலைப் பலகையைப் பார்த்துத்தான் போனேன். ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது. முன் சஸ்பென்ஷன் ரப்பர் இரண்டும் போய்விட்டது, பிறேக் டிஸ்க்கும் மாற்ற வேண்டும், 480 பவுண், இப்போதே ஓம் என்றால் பின்னேரம் காரை எடுக்கலாம். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். வந்த தாளில் சஸ்பென்ஷன் ரப்பர் மட்டும்தான் பெயில். பிறேக் டிஸ்க் 'அட்வைசரி', அதாவது இப்போது பாஸ், இனிமேல் கவனித்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பு. தொலைபேசியில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்கள். பழைய சான்றிதழில் இன்னும் மூன்று வாரம் இருந்தது. காரை எடுத்துக்கொண்டு என் சேர்விஸ் அண்ணையிடம் போனேன். ரப்பரை மட்டும் மாற்றினார். அந்த டிஸ்க்குகள் அதன் பிறகு இரண்டு குளிர்காலம் ஓடின.

ஆகவே அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2018 மே 20இலிருந்து குறைகளை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். ஆபத்தானது என்றால் பெயில், திருத்தும் வரை ஓடவே கூடாது. பெரியது என்றாலும் பெயில். சிறியது என்றால் பாஸ், ஆனால் கெதியாகத் திருத்த வேண்டும். இதற்கு வெளியே அட்வைசரி தனியாக வரும். யாராவது தொலைபேசியில் விலை சொன்னால், இதில் எது பெயில், எது அட்வைசரி என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயில் என்ற முடிவே பிழை என்று நினைத்தால், எதையும் திருத்தாமல், 14 வேலை நாட்களுக்குள் எம்.ஓ.ரி.யை மேற்பார்வை செய்யும் அரசாங்க அமைப்பான டி.வி.எஸ்.ஏ.க்கு (DVSA) முறையீடு செய்யலாம். திருத்திய பிறகு முறையிட்டுப் பயனில்லை.

கவுன்சில் நிலையம் என்பது பெரும்பாலும் குப்பை லொறிகளும் பள்ளிக்கூட பஸ்களும் நிற்கும் டிப்போ. தங்கள் வாகனங்களைச் சோதிப்பதற்காக வைத்திருக்கும் இடத்தில் பொதுமக்களின் கார்களையும் எடுக்கிறார்கள். சனத்துக்கு இது தெரிவதில்லை. ஒரு விளம்பரமும் இராது. உங்கள் கவுன்சிலின் பெயரோடு எம்.ஓ.ரி. என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். எல்லாக் கவுன்சிலும் நடத்துவதில்லை. உங்களுடையதில் இல்லாவிட்டால் பக்கத்துக் கவுன்சிலுக்குப் போகலாம், அந்த இடத்தில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசலில் நீல நிறத்தில் மூன்று வெள்ளை முக்கோணங்கள் போட்ட பலகை இருக்கும். அந்தச் சின்னம் அனுமதி பெற்ற எந்த நிலையத்திலும் இருக்க வேண்டும், கராஜானாலும்.

நான் போகும் டிப்போவில் காத்திருக்கும் அறை அழகில்லை. பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு தண்ணீர் இயந்திரம், எண்ணெய் மணம். ஆனால் அந்த அறையின் கண்ணாடி வழியாக முழுச் சோதனையையும் பார்க்கலாம். பார்க்கும் இடம் கொடுப்பது எல்லா நிலையத்துக்கும் கட்டாயம்தான், கராஜ்களில் யாரும் அதைக் கேட்பதில்லை, அவ்வளவே. பரிசோதகரோடு நடுவில் கதைக்கக் கூடாது. முதலில் உள்ளே ஏறி ஒவ்வொரு சீற் பெல்ற்றையும் இழுத்து விடுகிறார், ஹோண் அடிக்கிறார், எச்சரிக்கை லைற்றுகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்க்கிறார். பிறகு லைற் உயரத்தை ஒரு பெட்டி போன்ற கருவியால் அளக்கிறார். முன் சில்லுகளை உருளைகளில் ஏற்றி பிறேக்கை மிதிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கிறதா என்பது திரையில் தெரியும். அதன் பிறகு பின் சில்லு, கை பிறேக். பிறகு கார் மேலே போகும், அவர் டோர்ச்சோடு கீழே நின்று துருவையும் ரப்பர்களையும் தட்டித் தட்டிப் பார்ப்பார். பெற்றோல் கார் என்றால் புகைக் குழாயில் ஒரு கம்பியை விட்டு வாயுவை அளப்பார். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள். முடிந்ததும் வெளியே வந்து, எந்தப் பக்க ரயர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காரின் அருகில் வைத்தே காட்டுவார். அந்த ஐந்து நிமிடக் கதைக்காகவே நான் காருடன் காத்திருப்பேன்.

இலகுவாகப் பாஸ் தருவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு முறை என் முன் ரயரின் உள் பக்கம் தேய்ந்து போயிருந்ததைக் கண்டு பெயில் ஆக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சில்லை முழுதாகத் திருப்பினால்தான் தெரியும். சட்டப்படி ரயரின் நடு முக்கால் பகுதியில், சுற்றிவர, குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். அப்படியொரு ரயரோடு மழையில் நான் வயது போனவர்களின் வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தேன் என்பதை அவர்கள்தான் கண்டு சொன்னார்கள். அதற்காக இன்றும் நன்றி. அன்று பின்னேரமே ரயர்க் கடையில் மாற்றி, அடுத்த வேலை நாள் முடிவதற்குள் திரும்பக் கொண்டுபோனேன், இலவசமாகப் பார்த்தார்கள். ரயர், லைற் பல்ப், வைப்பர், கண்ணாடி, இலக்கத் தகடு, சீற் பெல்ற் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை எல்லா நிலையத்திலும் உண்டு. பிறேக், சஸ்பென்ஷன் போன்றவை என்றால் 10 வேலை நாட்களுக்குள் கொண்டுபோக வேண்டும், அதிகபட்சம் பாதிக் கட்டணம் கேட்கலாம். சோதித்த இடத்திலேயே விட்டுத் திருத்தினால் அந்த மறுசோதனை இலவசம். கவுன்சிலில் திருத்த முடியாது என்பதால் அந்தப் பாதிக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். இது உண்மையான குறை, மறைக்க விரும்பவில்லை.

வேறு குறைகளும் உண்டு. நான் போகும் இடத்தில் கிழமை நாட்களில் மட்டும்தான். முழு 54.85 பவுணும் வாங்குகிறார்கள். பதிவு செய்யத் தொலைபேசிதான், காலையில் எடுத்தால் நீண்ட நேரம் மணி அடிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு எடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைப்பதும் உண்டு. நாளைக்கே முடிகிறது என்று ஓடி வருபவருக்கு இந்த இடம் உதவாது. சனிக்கிழமை மட்டும் ஓய்வு கிடைப்பவர்களுக்கும் கராஜ்தான். அப்படியானால் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 'ஆபத்தானது' இல்லாவிட்டால் வெளியே வந்து இன்னொருவரிடம் காட்டுங்கள்.

வட அயர்லாந்தில் இந்தத் தெரிவே தேவையில்லை. அங்கே அரசாங்கத்தின் நிலையங்களில்தான் சோதனை, முதல் சோதனைக்கு நான்கு வருடம். சோதிப்பவர் வேறு, திருத்துபவர் வேறு. இங்கிலாந்திலும் அப்படியே ஆக வேண்டும் என்பது என் விருப்பம்.

போவதற்கு முதல் நாள் இரவு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். எல்லா லைற்றையும் போட்டு ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள், பிறேக் லைற்றையும் இலக்கத் தகட்டு லைற்றையும் மறக்க வேண்டாம். கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்புங்கள். தண்ணீர் இல்லை என்பதற்காகப் பெயிலாவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. 20 பென்ஸ் காசை ரயர்ப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள், காசின் வெளி விளிம்பு தெரிந்தால் ரயரைக் கடையில் காட்ட வேண்டும். சாரதிக்கு நேரே உள்ள கண்ணாடிப் பகுதியில் 10 மில்லிமீற்றருக்கு மேல் கல்லடிப்பட்ட புள்ளி இருந்தால் பெயில். உள் கண்ணாடியில் தொங்கும் பிள்ளையாரையும் மாலையையும், தொலைபேசி வைக்கும் பிடியையும் அன்று கழற்றி வையுங்கள். எஞ்சின் எச்சரிக்கை லைற் எரிந்துகொண்டிருந்தால் பதிவை ஒத்திவைத்து முதலில் அதைப் பாருங்கள், அதுவும் பெயில்தான். பின்பெட்டியில் கையுறைப் பெட்டிகளும் ஏப்ரன் கட்டுகளும் அடைந்திருந்தால் எங்கள் தொழில்காரர் இறக்கி வைப்பது நல்லது. பழைய சான்றிதழ் கொண்டுபோகத் தேவையில்லை, எல்லாம் கணினியில் இருக்கிறது.

புதிதாகக் கார் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "12 மாத எம்.ஓ.ரி. இருக்கிறது" என்ற விளம்பரத்தை நம்பி அந்தத் திருச்சித் தங்கச்சி 1,800 பவுண் கொடுக்கத் தயாராக நின்றாள். எம்.ஓ.ரி. எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதில்லை. எதையும் கழற்றிப் பார்க்கவும் மாட்டார்கள். சோதித்த நேரத்தில் பாஸ், அவ்வளவுதான். அதனால் சேர்விஸ் தனி, எம்.ஓ.ரி. தனி. ஆனால் அரசாங்க இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் 2005இலிருந்து பழைய சோதனைகள் எல்லாம் இலவசமாக வரும்: பெயில், அட்வைசரி, ஒவ்வொரு வருடமும் ஓடிய மைல். அந்தக் காருக்குத் தொடர்ந்து மூன்று வருடமாக அடிப்பாகத் துரு என்று அட்வைசரி இருந்தது. நான் வாங்க வேண்டாம் என்றேன். அவள் பிறகு வேறொரு கார் எடுத்தாள், மைல் ஒழுங்காக ஏறியிருந்தது, குறிப்புகளும் ரயர், வைப்பர் அளவில்தான்.

அதே அரசாங்கத் தளத்தில் தொலைபேசி இலக்கத்தையோ மின்னஞ்சலையோ பதிந்து வைத்தால் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு முன் நினைவூட்டல் வரும், இதுவும் இலவசம். அந்தச் செய்தி வந்த அன்றே டிப்போவுக்குத் தொலைபேசி எடுங்கள். எடுக்கும்போது மறுசோதனைக்கு எவ்வளவு எடுப்பார்கள், காருடன் காத்திருக்கலாமா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு நிலையம் வித்தியாசப்படும்.